டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பச்சை விளக்கு

மாமா அதைப் பொருட்காட்சியில் வாங்கினார். டெல்லி அப்பளக் கடைக்கு அடுத்த ஸ்டால். ஒன்று 1,200 ரூபாய், மூன்றாக எடுத்தால் 3,000. மூன்றாகவே எடுத்துவிட்டார். ஒன்று அவருடைய டிசையருக்கு, ஒன்று டாக்ஸி ஸ்டாண்டில் அவரோடு நிற்கும் நண்பருக்கு, இன்னொன்று எனக்கு.

"மாப்ள, லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடுது. சும்மா சொல்லல, ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்று என் கையில் வைத்தார்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. ஒரு பக்கம் 16 பின்கள். காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராக ஒரு சாக்கெட் இருக்கும். சர்வீஸில் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி, வண்டி என்ன கோளாறு சொல்கிறது என்று பார்ப்பாரே, அதே ஓபிடி சாக்கெட்தான். இந்தப் பெட்டியை அதில் செருகிவிட வேண்டும். பச்சை விளக்கு மினுக்கும். 200 கிலோமீட்டர் ஓடுவதற்குள் நாம் ஓட்டும் விதத்தை அது படித்துக்கொண்டு, என்ஜினின் கம்ப்யூட்டரையே திருத்தி அமைத்துவிடுமாம். டீசல் செலவு 15 முதல் 35 விழுக்காடு வரை குறையும் என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் லேப் பார்க்கிறேன். என்ஜின் டெஸ்ட் ரிக்கில் மாணவர்களுக்குத் தினமும் சொல்லித் தருவது இதைத்தான்: எவ்வளவு எரிபொருள் உள்ளே போனது, எவ்வளவு வேலை வெளியே வந்தது. அதனால் பெட்டியை வாங்கியதுமே எனக்குச் சந்தேகம். ஆனால் மாமாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. 22 வருடமாக டாக்ஸி ஓட்டுகிறவர். திங்கள் முதல் சனி வரை ராஜபாளையத்திலிருந்து விருதுநகருக்கு ஒரு வங்கியின் ஊழியர்கள் நான்கு பேரைக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் மாத ஒப்பந்தம்தான் அவருக்கு நிலையான வருமானம். டீசல் விலை ஒரு ரூபாய் ஏறினாலும் அவர் வீட்டுச் சமையலில் தெரியும். அப்படிப்பட்டவர் 3,000 ரூபாயை எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் எத்தனை கணக்குப் போட்டிருப்பார்!

அன்று ராத்திரியே எனக்குத் தந்ததைத் திறந்து பார்த்தேன். நான்கு சின்ன திருகுகள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு போர்டு. அதில் பச்சை எல்இடி, அதை மினுக்க வைக்கும் ஒரு சிப், இரண்டு மூன்று ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு பட்டன். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தேன். 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் வருகிறது, 4ஆம் பின் கிரவுண்டு. இந்த இரண்டும் போர்டுக்குப் போகின்றன. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமென்றால் 6, 14ஆம் பின்களில் கேன் லைன் வரும். பழைய வண்டிகளில் 7ஆம் பின்னில் கே-லைன் வரும். அந்த லைனில் பேசுவதற்கென்று தனியாக ஒரு டிரான்சீவர் சிப் வேண்டும். அப்படி எதுவும் அந்தப் போர்டில் இல்லை. மின்சாரம் வாங்கி விளக்கை மினுக்குவது மட்டும்தான் அதன் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போர்டைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ள என்ன இருந்தா என்ன மாப்ள? மைலேஜ் வருதுல்ல?"

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று நமக்குப் புரியாததாலேயே அது வேலை செய்யவில்லை என்று ஆகிவிடாது. மருந்துக்கும் அதுதான், மண்ணுக்கும் அதுதான். மைலேஜ் கூடுகிறது என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பதிலைச் சாலையில்தான் தேட வேண்டும். சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஆசை எப்படிப்பட்டது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 1996இல் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் பேச்சு கிளம்பியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையம் பக்கத்துக்காரர், தண்ணீரில் மூலிகையைப் போட்டு எரிபொருள் எடுக்கிறார் என்று நாடே எங்கள் பக்கம் திரும்பியது. எந்த டீக்கடைக்குப் போனாலும் அதே பேச்சு. நம் ஊர்க்காரர் ஜெயிக்க வேண்டும் என்று எல்லோரும் மனதார விரும்பினோம், நானும்தான். பிறகு அது ஐஐடி, வழக்கு, நீதிமன்றம் என்று எங்கெங்கோ போனது. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமானால் அது எரிந்தபோது கொடுத்த ஆற்றலை நாம்தான் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதைக் கல்லூரியில் படித்த அன்று எனக்குச் சந்தோஷமாக இல்லை, ஏதோ நெருங்கியவர் ஒருவரை இழந்த மாதிரி இருந்தது.

லாரிகளில் மாட்டுகிறார்களே, தண்ணீரைப் பிரித்து வாயுவை என்ஜினுக்குள் விடும் 'ஹெச்ஹெச்ஓ கிட்', அதிலும் இதே கணக்குதான். டீசலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் என்ஜின் சுழற்சியாக மாற்றுகிறது. அந்தச் சுழற்சியை மின்சாரமாக்கும்போது ஆல்டர்னேட்டர் ஒரு பங்கைத் தின்கிறது. மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கும்போது இன்னொரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. கடைசியில் கிடைக்கும் வாயுவை அதே என்ஜினில் எரித்தால், அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும். பத்து ரூபாயைக் கொடுத்து ஒரு ரூபாயைத் திரும்ப வாங்குவது போன்ற வியாபாரம்.

எரிபொருள் குழாயில் கட்டும் காந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோலையும் டீசலையும் காந்தம் இழுப்பதும் இல்லை, வரிசையாக நிறுத்துவதும் இல்லை. ஆனால் இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வாக்கியம் உண்டு: "எரியாமல் வீணாகும் எரிபொருளை முழுசாக எரிய வைக்கிறது." கேட்க ரொம்ப நியாயமாக இருக்கும். உண்மையில், ஒழுங்காக ஓடும் இன்றைய என்ஜினில் உள்ளே போகும் எரிபொருளில் 100க்கு 98 பங்குக்கு மேல் எரிந்துவிடுகிறது. நஷ்டம் ஆவது எரிந்த பிறகுதான்: சைலன்ஸர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியே போகிறது. எரியாத மிச்சம் அத்தனையையும் பிடித்து எரித்தாலும் மைலேஜில் ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. 35 விழுக்காடு எங்கிருந்து வரும்?

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 1930களில் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் சார்லஸ் நெல்சன் போக் என்பவர், கேலனுக்கு 200 மைல் தரும் கார்புரேட்டர் என்று ஒன்றைச் சொன்னார். நம் கணக்கில் லிட்டருக்கு 70 கிலோமீட்டர். பேடண்ட் கூட வாங்கினார். இன்றுவரை அது கடைக்கு வரவில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ இந்த மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து பார்த்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்தியது என்று ஒன்று கூடத் தேறவில்லை. சில கருவிகள் புகையை அதிகமாக்கியதும் உண்டு. அவர்கள் அளக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வண்டியை உருளைகள் மேல் ஏற்றி, குறிப்பிட்ட வேகங்களில் ஓட்டி, வெளியே வரும் புகை முழுவதையும் பிடித்து, அதில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். உள்ளே போன கார்பன் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அதை வைத்து எரிந்த எரிபொருளைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். டேங்கைத் தொட வேண்டியதே இல்லை. நம் நாட்டில் புனேயில் இருக்கும் வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏஆர்ஏஐயிலும் கார்களின் மைலேஜை உருளைகள் மேல் ஓட்டித்தான் சோதிக்கிறார்கள்.

எங்களுக்கு உருளை இல்லை. மாமாவின் வண்டி, ஒரே வழித்தடம், ஒரு டைரி, அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, விருதுநகர் என்று தினமும் அதே சாலை, அதே நேரம், அதே நான்கு பேர். போகவர 112 கிலோமீட்டர். ஆறு நாளைக்கு 672.

முதலில் அவர் மைலேஜ் பார்த்த விதத்தைக் கேட்டேன். நம் ஊர் டிரைவர்கள் பெரும்பாலோர் செய்வதுதான்: ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு, ரிசர்வ் விளக்கு எரிந்தால் அடுத்த ஆயிரம். நடுவில் ஓடிய கிலோமீட்டர்தான் கணக்கு. இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. டேங்கில் மிதவை ஆடிக்கொண்டே இருக்கும். வண்டி மேட்டில் நிற்கிறதா, வளைவில் திரும்புகிறதா என்பதைப் பொறுத்து விளக்கு ஒரு லிட்டர் முன்பின் எரியும். ஆயிரம் ரூபாய்க்கு வருவதே பத்து, பதினொரு லிட்டர். அதில் ஒரு லிட்டர் தவறினால் 17 என்பது 19 ஆகிவிடும், 15ஆகவும் ஆகிவிடும். பெட்டியைச் செருகிய வாரம் 20 வந்தது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

நல்ல வேளையாக அவர் டைரி எழுதுகிறவர். டீசல் போட்ட ஒவ்வொரு முறையும் தேதி, ரூபாய், லிட்டர், ஓடோமீட்டர் எண், எல்லாம் நீல மையில் வரிசையாக இருந்தன. மூன்று மாதக் கணக்கைக் கூட்டி வகுத்தேன். முன்பின் தவறுவதெல்லாம் மூன்று மாதத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும். வந்த எண்ணை நம்பலாம். பெட்டிக்கு முன்னால் லிட்டருக்கு 17.3.

அப்புறம் சோதனைக்கான விதிகளை எழுதினோம். ஞாயிறு காலை 6 மணிக்கு, அதே பங்க், அதே பம்ப், வண்டி நிற்கும் இடம் கூட அதே. டீசல் நுரைக்கும், நாசில் முதல் முறை நிற்கும்போது டேங்க் நிறைந்திருக்காது. நுரை அடங்கும்வரை நின்று, மெதுவாக விட்டு, கழுத்தில் ஒரே அளவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். காலை நேரம் ஏன் என்றால், டீசலும் சூட்டில் விரிகிறது. 35 லிட்டர் டீசல் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூடிவிடும். டயரில் காற்று ஒரே அளவு. ஏசி எப்போதும்போல.

இதெல்லாம் சரி, ஆனால் சோதனையின் உயிர் வேறு ஓர் இடத்தில் இருந்தது. பெட்டி செருகியிருக்கிறது என்று மாமாவுக்குத் தெரிந்தால் அவர் கால் மாறிவிடும். அவரை அறியாமலே மாறும். அதனால் நான் பிரித்த பெட்டியை எடுத்து, போர்டிலிருந்த அந்தச் சிப்பைக் கழற்றிவிட்டு, எல்இடியை மட்டும் அதே மாதிரி மினுக்கும்படி ஒரு சின்ன சர்க்யூட்டில் இணைத்து, கூட்டை மூடினேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சாக ஒன்றுதான். என் மனைவி இரண்டின் அடியிலும் சின்னதாக ஸ்டிக்கர் ஒட்டி 'அ', 'ஆ' என்று எழுதினார். எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எட்டு வாரத்துக்கு எட்டுச் சீட்டு. நான்கில் அ, நான்கில் ஆ. ஞாயிறுதோறும் ஒரு சீட்டை எடுத்து, அதில் இருந்த பெட்டியை நான் செருகுவேன். எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல் இருக்க வேண்டியது அவசியம். இது வேலை செய்யாது என்று முதலிலேயே நம்பியவன் நான். நுரை அடங்குவதற்காகக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் என் நம்பிக்கை நாசிலைப் பிடித்திருப்பவரிடம் "போதும்ணே" என்று கொஞ்சம் முன்னாலேயே சொல்ல வைத்துவிடலாம்.

எட்டு வாரம். ஒரு வாரம் சிவகாசியில் சாலை வேலை. ஒரு வாரம் நல்ல மழை. ஒன்றும் செய்ய முடியாது, அதுவும் சேர்ந்ததுதான் சாலை. மாமா ஒரு நாள் கூட டைரியை விடவில்லை. நான்காவது வாரத்தில் அவரே என்னைத் திருத்தினார்: "மாப்ள, இன்னிக்கு வண்டி போன வாரம் நின்ன எடத்துல இருந்து ரெண்டடி தள்ளி நிக்குது. கொஞ்சம் பின்னால எடுக்கவா?" எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. லேபில் வருடம் முழுக்கக் கத்தினாலும் மாணவர்களிடம் வராத ஒன்று அது.

எட்டாவது ஞாயிறு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனைவி சொல்லச் சொல்ல எழுதினோம். நிஜப் பெட்டி இருந்த வாரங்கள்: 18.7, 19.4, 19.1, 18.9. வெற்றுக்கூடு இருந்த வாரங்கள்: 19.2, 18.8, 19.3, 19.0. கூட்டி வகுத்தால் லிட்டருக்கு 50 மீட்டர் வித்தியாசம், அதுவும் வெற்றுக்கூட்டின் பக்கம். வாரத்துக்கு வாரம் 700 மீட்டர் வரை தானாகவே ஆடுகிற ஒன்றில் 50 மீட்டருக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: அந்தப் பெட்டி லிட்டருக்கு 200, 300 மீட்டர் கூட்டியிருந்தால் எங்கள் முறைக்கு அது பிடிபட்டிருக்காது. ஆனால் அட்டையில் இருந்தது 15 முதல் 35 விழுக்காடு. குறைந்தபட்சமாக டீசல் செலவு 15 விழுக்காடு குறைந்தாலே 17.3இல் மூன்று கிலோமீட்டர் கூட வேண்டும். அது இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரிந்திருக்கும்.

மாமா ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கண்ணில் படாததைச் சொன்னார்.

"ரெண்டுலயும் பத்தொம்பது வருதே மாப்ள. முன்னாடி பதினேழுதான?"

ஆமாம். வெற்றுக்கூட்டிலும் 19தான். 17.3இலிருந்து 19. டிரைவரை ஏமாற்ற மினுக்கும் ஒரு விளக்கு மட்டும் இருந்த வாரங்களில், லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் கூடியிருக்கிறது. மைலேஜ் கூடுது என்று அவர் முதல் நாள் சொன்னது உண்மைதான்! அளவுதான் கொஞ்சம் கூடுதல்.

பெட்டியோடு வந்த அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தோம். பொடி எழுத்தில் இருந்தது: முழுப் பலன் கிடைக்க ஏர் ஃபில்டரை மாற்றவும், டயரில் காற்றைச் சரிபார்க்கவும், சீரான வேகத்தில் ஓட்டவும். மாமா எல்லாவற்றையும் செய்திருந்தார், சொன்னால் சொன்னபடி செய்கிறவர். அதற்கு முன்னால் டயரில் காற்று, கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருப்பதைவிட 7 பவுண்டு குறைவாக இருந்ததாம். ஆனால் அது மட்டும் கொடுப்பது ஒன்று, ஒன்றரை விழுக்காடுதான். பெரிய பங்கு அவருடைய வலது காலில் இருந்தது. சிவகாசி விருதுநகர் சாலையில் 90இல் போய்க்கொண்டிருந்தவர், பெட்டி மாட்டியதிலிருந்து 70ஐத் தாண்டவில்லை. காற்று வண்டியைப் பின்னுக்குத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90இலிருந்து 70க்கு இறங்கினால் அது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்துவிடும். மத்திய அரசின் பிசிஆர்ஏ, அந்தப் பெட்ரோலிய சேமிப்பு அமைப்பு, 45 முதல் 55 வேகத்தில் ஓட்டச் சொல்லி வருடக்கணக்காக விளம்பரம் செய்கிறது. பங்க் சுவரில் ஒட்டியிருக்கும். யாரும் படிப்பதில்லை. 1,200 ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டி சொன்னபோது மாமா கேட்டார்.

இதையும் உறுதி செய்துவிடலாம் என்று ஒன்பதாவது வாரம் எதையும் செருகாமல், "பழையபடி ஓட்டுங்க மாமா" என்றேன். அவருக்கு இஷ்டமே இல்லை. செவ்வாய்க்கிழமையே வண்டியில் வரும் ஒரு அம்மா கேட்டாராம்: "என்னண்ணே, ரெண்டு மாசமா நிம்மதியா வந்துட்டிருந்தோம், திரும்பப் பறக்க ஆரம்பிச்சிட்டீங்க?" சனிக்கிழமை வரை ஓட்டி நிரப்பினோம். 17.4. ஒரே ஒரு வாரக் கணக்குதான், அதை நான் பெரிதாக்க மாட்டேன். ஆனாலும் மாமா அந்த எண்ணை டைரியில் இரண்டு முறை கோடு போட்டு வைத்தார்.

மாதத்துக்கு 26 நாள், 2,900 கிலோமீட்டர் சொச்சம். 17.3க்கும் 19க்கும் இடையே 15 லிட்டருக்கு மேல் வித்தியாசம். பேத்தியின் பள்ளி வேன் கட்டணம் அதில் அடங்கிவிடுகிறது என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். அந்தப் பணத்தை அவர் தானே சம்பாதித்தார். வேறு யாரோ விற்றதாக இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 3,000 ரூபாய் போனதுகூடப் பரவாயில்லை. 22 வருடம் ஸ்டீயரிங் பிடித்த ஒருவரின் கைப்பக்குவத்தை ஒரு பச்சை விளக்கின் கணக்கில் எழுதிவிட்டார்களே! பொருட்காட்சி முடிந்து ஸ்டால்காரர்கள் எப்போதோ கிளம்பிவிட்டார்கள். ரசீதில் இருந்த எண்ணுக்கு மூன்று நாள் அடித்துப் பார்த்தோம். யாரும் எடுக்கவில்லை.

மாமா இப்போது காற்று பார்க்க ஒரு கேஜ் வாங்கி வண்டியிலேயே வைத்திருக்கிறார். போன வாரம் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். புதிதாக வண்டி எடுத்த ஒரு பையன் போனை நீட்டி, "அண்ணே, இது நெசமாவே வேலை செய்யுமா? நீங்க ஏதோ மாட்டிப் பாத்தீங்களாமே" என்று கேட்டான். திரையில் அதே மாதிரி ஒரு பெட்டி, வேறு பெயர், வேறு நிறம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டாஷ்போர்டைத் திறந்து டைரியை எடுத்தார்.

"மொதல்ல நீ ஒரு நோட்டு வாங்கு. ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்குப் பங்குக்கு வா. டேங்க எப்படி நெரப்புறதுன்னு காட்டுறேன்."